ஸ்டேஷன் மிதக்கிறது, கூரை மினுங்குகிறது: ரெயில் சிமுலேட்டர் மொடல்களில் பிழை பிடிப்பது

இலங்கையில் சீனன்குடாவிலிருந்து திருகோணமலை (திருமலை) வரையான பாதையை ஓபன் ரெயில்ஸ் என்ற ரெயில் சிமுலேட்டரில் ஓட வைக்க வேண்டும் என்று, பிளெண்டர் என்ற முப்பரிமாண மொடல் செய்யும் மென்பொருளில் கட்டடம், மேடை, மதகு, கைகாட்டி என்று ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருக்கிறேன். 1927 இல் கல்லோயாச் சந்தியிலிருந்து திருமலைக்குப் போட்ட பாதை இது. கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா என்று இரவு மெயிலில் தூக்கம் கலைந்து கலைந்து வந்த பாதையை நம் கையாலேயே கட்ட வேண்டும் என்பது என் பெரிய ஆசை. ஆனால் பிளெண்டரில் அழகாக நின்ற மொடல் சிமுலேட்டருக்குள் போனதும் ஏதாவது ஒன்று பிசகும். அப்படிப் பிசகியவற்றை, கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை வைத்தே கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் தெரிவது எதுவோ அதற்கு நேராகப் போகலாம்.

எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை. ஒரு மீற்றர் நீளம், அகலம், உயரம் கொண்ட ஒரு பெட்டியைச் செய்து, அதற்கு ஒரு சாதாரண செங்கல் டெக்ஸ்சரை (மேலே ஒட்டும் படத்தை) போட்டு, உங்கள் மொடலைச் சிமுலேட்டருக்கு எக்ஸ்போர்ட் செய்த அதே முறையில் எக்ஸ்போர்ட் செய்து, அதே இடத்தில் வையுங்கள். பெட்டியும் பிழையாக வந்தால் கோளாறு எக்ஸ்போர்ட் அமைப்பில். பெட்டி சரியாக வந்து ஸ்டேஷன் மட்டும் பிழை என்றால் கோளாறு மொடலில். பிழை தெரிகிற இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறொன்று. இந்தப் பெட்டி இல்லாமல் நான் இரண்டு வாரம் தவறான இடத்தில் தேடியிருக்கிறேன்.

கட்டடம் அந்தரத்தில் மிதக்கிறது, அல்லது பாதி மண்ணுக்குள்

ஒப்ஜெக்டின் மூலப்புள்ளி, அதாவது பிளெண்டரில் அந்தச் சின்ன ஒரேஞ்சுப் புள்ளி, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சிமுலேட்டர் நிலத்தில் வைப்பது அந்தப் புள்ளியைத்தான். அது சுவரின் நடு உயரத்தில் இருந்தால் பாதிக் கட்டடம் மண்ணுக்குள் போகும். கட்டடத்துக்கு அத்திவாரத்தின் அடிமட்டம், மேடைக்கும் கைகாட்டிக்கும் தண்டவாளத்தின் மேல்மட்டம் என்று நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எல்லா மொடலுக்கும் ஒரே வழக்கம் இருந்தால் பிறகு பாதையில் வைக்கும்போது உயரம் தேட வேண்டியதில்லை. சுவரை நில மட்டத்துக்குக் கீழே இன்னும் அரை மீற்றர் இறக்கிவிடுங்கள். நிலம் எங்கேயும் முழுச் சமதளமாக இராது, அந்த அரை மீற்றர் இல்லாவிட்டால் மூலையில் வெளிச்சம் தெரியும்.

மல்லாந்து கிடக்கிறது, அல்லது அளவு பத்து மடங்கு

பிளெண்டரில் மேலே போகும் அச்சு இசட். ஓபன் ரெயில்ஸில் அது வை (Y). எக்ஸ்போர்ட்டர் இதை மாற்றித் தரும், ஆனால் நீங்கள் ஒப்ஜெக்ட் நிலையில் திருப்பியோ பெருப்பித்தோ அப்படியே விட்டிருந்தால் கணக்குக் குழம்பும். எல்லாவற்றையும் தெரிவு செய்து, கண்ட்ரோல் + ஏ அழுத்தி, சுழற்சியையும் அளவையும் பதிய விடுங்கள். 'என்' (N) விசையை அழுத்தினால் பக்கத்தில் வரும் பலகையில் ஸ்கேல் மூன்றும் 1 என்று இருக்க வேண்டும். 0.01 அல்லது 2.54 என்று ஏதாவது தெரிந்தால் பிழை அங்கேதான்.

ரெயில் பெட்டி மேடைக்குள் புகுந்து போகிறது

நம் நாட்டுப் பாதை செய்கிறவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். முதல் முறை திருமலை மேடையைச் செய்து முடித்து ரெயிலை உள்ளே கொண்டுவந்தபோது, பக்கத்து வீட்டில் இருக்கும், ரெயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவருக்குக் காட்டினேன். அவர் கட்டடத்தையெல்லாம் பார்க்கவில்லை. நேராக மேடை விளிம்பைக் காட்டி, "தம்பி, இப்பிடிப் போனா மேடையில நிக்கிற ஆக்கள்ட கால் போயிடுமே" என்றார். பார்த்தால் பெட்டியின் படிக்கட்டு சீமெந்துக்குள்ளாலே போகிறது.

காரணம் எளிது. நம் அகலப் பாதை 1676 மில்லிமீற்றர். சிமுலேட்டரில் வழமையாகப் போடும் தண்டவாளம் 1435. வித்தியாசம் 241, அதாவது ஒவ்வொரு பக்கமும் 120.5 மில்லிமீற்றர். நான் மேடை விளிம்பின் தூரத்தைத் தண்டவாளத்தின் உள்முகத்திலிருந்து கணக்கிட்டிருந்தேன். அதே தூரத்தை 1435 பாதையின் தண்டவாளத்திலிருந்து வைத்ததால் மேடை பெட்டியை நோக்கி 12 சென்ரிமீற்றர் நெருங்கிவிட்டது. மேடையைக் கொஞ்சம் நகர்த்திச் சமாளிக்கலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். அடுத்த மேடை, அடுத்த பாலம், அடுத்த நீர்த்தாங்கி எல்லாவற்றிலும் அதே பிழை திரும்ப வரும். அளவை எப்போதும் பாதையின் நடுக்கோட்டிலிருந்து எடுத்து எழுதுங்கள். நடுக்கோடு எந்தப் பாதை அகலத்திலும் நடுக்கோடுதான். தண்டவாளத்திலிருந்து அளந்த பழைய அளவுகள் இருந்தால் ஒவ்வொன்றுடனும் 838 கூட்டிவிட்டால் நடுக்கோட்டு அளவாகிவிடும். பிறகு 1676 அகலத்தில் தண்டவாள மொடலைச் செய்து போட்டாலும் மேடையை அசைக்க வேண்டி வராது.

இந்த 1676 இன்னொரு விதத்திலும் கைகொடுக்கும். அளவு நாடாவோடு தண்டவாளத்தில் இறங்கக் கூடாது, ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு மேடையில் நின்று படம் எடுத்தாலே போதும். பாதை முடிகிற இடத்து முட்டுத்தடையை நேருக்கு நேராக ஒரு படம் எடுங்கள். அதன் காலடியில் இரண்டு தண்டவாளத்தின் உள்முகங்களுக்கும் இடையில் எத்தனை பிக்சல் என்று எண்ணுங்கள். 419 வந்தால் ஒரு பிக்சல் 4 மில்லிமீற்றர். முட்டுத்தடை 300 பிக்சல் உயரம் என்றால் 1200 மில்லிமீற்றர், முடிந்தது கதை. ஆனால் தடைக்குப் பின்னால் இருக்கும் சுவரை இதே அளவுகோலால் அளக்காதீர்கள். தூரத்தில் இருப்பது படத்தில் சின்னதாகத் தெரியும், சுவர் குட்டையாக வந்து நிற்கும். "கட்டடம் ஏனோ குள்ளமாகத் தெரிகிறது" என்ற அறிகுறிக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சுவரின் ஒரு பக்கம் காணவில்லை

ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் சுவர், மறுபக்கம் போனால் வெறும் வானம். மொடலின் முகங்கள், அதாவது அதன் தட்டைப் பரப்புகள், உள்நோக்கித் திரும்பியிருக்கின்றன. பிளெண்டர் இரண்டு பக்கத்தையும் காட்டும், சிமுலேட்டர் முன்பக்கத்தை மட்டும்தான் வரையும். ஃபேஸ் ஓரியன்டேஷனை ஓன் செய்தால் வெளிப்பக்கம் நீலமாகவும் உட்பக்கம் சிவப்பாகவும் தெரியும். வெளியே சிவப்புத் தெரியும் இடத்தைத் தெரிவு செய்து ஷிப்ட் + என் அழுத்துங்கள். மேடைக் கூரை ஒற்றைத் தகடாக இருந்தால் இது உதவாது, ஏனென்றால் மேலிருந்தும் கீழிருந்தும் தெரிய வேண்டிய பொருள் அது. கீழ்ப்பக்கத்துக்கு இன்னொரு முகம் போடுங்கள், அதற்கு வேறு, இருண்ட டெக்ஸ்சரும் போடுங்கள். கூரையின் அடிப்பக்கம் மேல்பக்கம் மாதிரியே வெளிச்சமாக இருந்தால் மேடையில் நிழலே இல்லாத மாதிரி இருக்கும்.

கருமை அழுக்கு மாதிரி மூலைகளில் படர்ந்து, சுவர் கசங்கின துணி போலத் தெரிந்தால் அது வேறு கோளாறு. ஸ்மூத் ஷேடிங் கட்டடத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். சதுர மூலைகளுக்கு ஃபிளாட், தூண் போன்ற உருளைகளுக்கு மட்டும் ஸ்மூத்.

தூரத்தில் பலகையும் ஜன்னலும் மினுங்குகின்றன

கிட்டப் போனால் நன்றாக இருக்கிறது, எஞ்சின் பெட்டியிலிருந்து பார்த்தால் ஊர்ப்பெயர்ப் பலகையின் எழுத்துத் தோன்றித் தோன்றி மறைகிறது. இரண்டு முகங்கள் ஒன்றின் மேல் ஒன்று கிட்டத்தட்ட ஒரே தளத்தில் இருக்கின்றன, எது முன்னால் என்று கிறாபிக்ஸ் கார்ட்டால் முடிவுசெய்ய முடியவில்லை. ஆழத்தைக் கணக்கிடும் துல்லியம் தூரம் போகப் போகக் குறையும் என்பதால் ஒரு மில்லிமீற்றர் இடைவெளி பத்து மீற்றரில் போதும், அரைக் கிலோமீற்றரில் போதாது. ஜன்னலைச் சுவரின் மேல் ஒட்டாமல் சுவரில் துளை வெட்டி அதற்குள் வையுங்கள். பலகை போன்றவற்றுக்கு மூன்று நான்கு சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள், உண்மைப் பலகைக்கும் அவ்வளவு தடிப்பு இருக்கும்தானே.

இடைவெளி எல்லாம் சரியாக இருந்தும் மினுங்கினால், அதே சுவர் இரண்டு தரம் கொப்பி ஆகியிருக்கலாம். எல்லாவற்றையும் தெரிவு செய்து மெர்ஜ் பை டிஸ்டன்ஸ் கொடுத்துப் பாருங்கள். எத்தனை புள்ளி நீங்கியது என்று கீழே சொல்லும்.

கட்டடம் வெள்ளையாக அல்லது சாம்பலாக நிற்கிறது

முதலில் டெஸ்க்டொப்பில் ஓபன் ரெயில்ஸ் எழுதிவைக்கும் லொக் பைலைத் திறந்து உங்கள் டெக்ஸ்சரின் பெயரைத் தேடுங்கள். காணவில்லை என்று எழுதியிருந்தால் பைல், பாதையின் டெக்ஸ்சர்ஸ் போல்டருக்குள் இல்லை, அல்லது பெயர் பிசகியிருக்கிறது. பெயரில் தமிழ் எழுத்தும் வேண்டாம், இடைவெளியும் வேண்டாம். அளவு 512, 1024, 2048 என்று இரண்டின் அடுக்காக, சதுரமாக இருக்கட்டும்.

பகலில் சரி, ஆனால் பருவத்தை மாற்றினால் மட்டும் வெள்ளையாகிறது என்றால் எஸ்டி பைலை, அதாவது மொடலுடன் சேர்ந்து வரும் .sd என்று முடியும் சின்னப் பைலை, பாருங்கள். யாரோ ஒருவருடைய பைலைக் கொப்பி செய்து பெயரை மட்டும் மாற்றியிருப்போம். அதில் மாற்று டெக்ஸ்சருக்கான எண் 252 என்று இருந்தால் சிமுலேட்டர் இளவேனில், இலையுதிர், பனிக்காலம் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படங்களைத் தேடும். 1 இருந்தால் பனிப்படத்தைத் தேடும். திருமலையில் பனி கொட்டப்போவதில்லை. இரவுப் படம் மட்டும் இருந்தால் 256, எதுவும் இல்லாவிட்டால் 0.

தகரக் கூரை பொம்மை வீடு மாதிரி தெரிகிறது

இது பிழை என்றே பலர் நினைப்பதில்லை, ஆனால் ஒரு ஸ்டேஷனைக் கெடுப்பதில் இதற்குத்தான் முதலிடம். வளைவுத் தகரத்தின் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு வழமையான அளவு மூன்று அங்குலம், 76 மில்லிமீற்றர். இணையத்தில் கிடைத்த தகர டெக்ஸ்சரில் பதினாறு மேடு இருந்தால் அந்தப் படம் கூரையில் 1.22 மீற்றர் அகலத்தைத்தான் மூட வேண்டும். அதை நான்கு மீற்றருக்கு இழுத்துவிட்டால் ஒவ்வொரு மேடும் கால் மீற்றர் அகலமாகும், முழு ஸ்டேஷனும் கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சின்னதாகத் தெரியும். கண் தகரத்தின் அளவை வைத்துத்தான் கட்டடத்தின் அளவைப் பிடிக்கிறது. செங்கலுக்கும் ஓட்டுக்கும் இதே கணக்குத்தான், ஒன்றை எண்ணி, அளந்து, பெருக்குங்கள்.

அளவு சரியான பிறகும் கூரை புதுசாக இருந்தால் கடற்கரைப் பக்கம் ஒரு நடை போய் எந்தத் தகரக் கூரையையாவது கவனித்துப் பாருங்கள். துரு ஒரே சீராகப் பரவுவதில்லை. ஆணித் துளையிலிருந்து தொடங்கி, பள்ளத்தின் வழியே ஒரு கோடாகக் கீழே இறங்கும், தகரத்தின் மேல் தகரம் ஏறுகிற விளிம்பில் தடித்திருக்கும். உப்புக் காற்று அடிக்கும் பக்கம் கூடுதலாக இருக்கும். பொதுவான துருப் படத்தை மேலே பூசாமல் ஆணி வரிசையைப் போட்டு, ஒவ்வொரு ஆணிக்குக் கீழும் ஒரு கோடு இழுத்தேன். ஒரு நாள் முழுக்கப் போனது, ஆனால் அதற்குப் பிறகுதான் அது எங்கள் ஊர்க் கூரையானது.

கம்பி வேலியும் மரச் சரிகையும் தூரத்தில் கரைந்துபோகின்றன

மேடைக் கூரை விளிம்பில் தொங்கும் மரச் சரிகை, மேம்பாலத்தின் பின்னல் இரும்பு, கம்பி வேலி எல்லாம் ஒளிபுகும் டெக்ஸ்சரில் செய்வோம். இரண்டு கோளாறுகள் வரும். வேலிக்குப் பின்னால் உள்ள மரம் காணாமல் போனால் நீங்கள் அரைகுறை ஒளிபுகும் முறையைப் போட்டிருக்கிறீர்கள், எதை முதலில் வரைவது என்று அது குழம்புகிறது. 'உண்டு அல்லது இல்லை' என்ற முறைக்கு மாற்றுங்கள்.

மாற்றியதும் அடுத்த கோளாறு வரும், வேலி தூரத்தில் மறையும். தூரத்துக்குப் படத்தைப் பாதி, கால் என்று சுருக்கியே சிமுலேட்டர் பயன்படுத்துகிறது. 16 பிக்சலுக்கு ஒரு முறை 2 பிக்சல் தடிப்பான கம்பி இருந்தால், காலாகச் சுருக்கும்போது அது அரைப் பிக்சல், எட்டிலொன்றில் கால் பிக்சல். பாதிக்குக் குறைந்ததும் "இல்லை" என்று முடிவாகி மறைந்துவிடும். கம்பியை 4 பிக்சலாகத் தடிப்பாக்கினால் இன்னும் ஒரு படி தூரம் தாங்கும். அதற்கு அப்பால், தூரத்து மொடலில், அதாவது தூரத்தில் மட்டும் காட்டுவதற்கென்று செய்யும் எளிய மொடலில், வேலியை எடுத்துவிடுவதே நல்லது.

கம்பியைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் ஒளிபுகும் பகுதிக்கு அடியில் வெள்ளை நிறம் இருக்கிறது. அங்கேயும் கம்பியின் நிறத்தையே பூசிவிடுங்கள்.

சீனன்குடா வந்ததும் படம் திக்கித் திக்கி ஓடுகிறது

எண்ணெய்க் குதங்களை வைக்காமல் சீனன்குடாவைக் காட்ட முடியாது. மேல் தொகுதியில் 84, கீழ்த் தொகுதியில் 15, மொத்தம் 99. (1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலுக்கு முந்திய காலத்தைச் செய்கிறவர்கள் அன்று அழிந்த குதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.) நான் ஒரு குதத்தை ஆசையோடு செய்தேன்: ஏணி, கைபிடிக் கம்பி, குழாய், வால்வு, எல்லாமாகச் சுமார் 3000 முக்கோணம் (முகங்களைச் சிமுலேட்டர் முக்கோணங்களாகவே வரையும்). 99 ஆல் பெருக்கினால் மூன்று லட்சத்துக்குக் கிட்ட. என் பழைய லப்டொப் சீனன்குடா வளைவில் மூச்சு வாங்கியது.

எண்ணிக் கழியுங்கள். 24 பக்க உருளைக்குச் சுவர் 48 முக்கோணம், மூடி 22, அடிப்பக்கம் யாருக்கும் தெரியாது என்பதால் அழித்துவிடலாம். மொத்தம் 70. தொண்ணூற்றொன்பதுக்கும் சேர்த்து 6930 தான். ஏணியும் கம்பியும் பாதைக்குக் கிட்ட உள்ள இரண்டு மூன்றுக்குப் போதும், அதுவும் 300 மீற்றருக்குள் வந்தால் மட்டும் தெரியும் கிட்டத்து மொடலில். மேல் தொகுதி பெரும்பாலும் காடு மூடிக் கிடப்பது, மரங்களை முதலில் வைத்துப் பாருங்கள், எத்தனை குதம் உண்மையில் கண்ணில் படுகிறது என்று பிறகு முடிவுசெய்யலாம்.

அப்புறம் டெக்ஸ்சர். ஒரு ஸ்டேஷனுக்குக் கதவு ஒரு படம், ஜன்னல் ஒரு படம், தூண் ஒரு படம் என்று இருபது படம் போட்டால் முக்கோணம் குறைவாக இருந்தும் இழுக்கும். ஒவ்வொரு படமும் கிறாபிக்ஸ் கார்ட்டுக்குத் தனி வேலை. எல்லாவற்றையும் ஒரே 2048 படத்தில் அடுக்குங்கள்.

பாலம் கண் முன்னாலேயே மறைகிறது

பாலத்தின் பாதி திரையில் இருக்கும்போதே, கமராவைக் கொஞ்சம் திருப்பினால் முழுவதும் போய்விடும். மொடலைச் சுற்றி ஒரு கற்பனைக் கோளம் இருக்கிறது, அது திரைக்கு வெளியே போனதும் சிமுலேட்டர் வரைவதை நிறுத்திவிடும். மூலப்புள்ளி பாலத்தின் ஒரு முனையில் இருந்து, கோளம் சின்னதாக இருந்தால் இப்படி ஆகும். மூலப்புள்ளியை நடுவுக்குக் கொண்டுவந்து திரும்ப எக்ஸ்போர்ட் செய்யுங்கள். நீளமான பாலத்தை ஒவ்வொரு கண்ணாக, அதாவது தூணுக்குத் தூண் உள்ள துண்டாக, பிரித்து வைப்பது அதைவிட நல்லது.

கைகாட்டியின் கை காற்றாடி மாதிரிச் சுற்றுகிறது

கை தன் ஆணியில் சாயாமல், கம்பத்தின் அடியை மையமாக வைத்து வானத்தில் ஒரு பெரிய வட்டம் போடும். கைக்குத் தனி மூலப்புள்ளி கொடுக்கவில்லை. கர்சரை ஆணி இருக்கும் இடத்தில் வைத்து, மூலப்புள்ளியை அங்கே கொண்டுபோங்கள். பிறகு கை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். கிடையாக இருந்தால் நில், அது எந்த வகைக்கும் பொருந்தும். கீழே சாய்ந்து வழிவிடும் வகையும் உண்டு, மேலே எழும்பி வழிவிடும் வகையும் உண்டு. நீங்கள் செய்யும் ஸ்டேஷனின் படத்தைப் பார்த்தே செய்யுங்கள், ஊகித்துச் செய்யாதீர்கள்.

இரவில் ஜன்னல் எரியவில்லை

எஸ்டி பைலில் 256 இருக்க வேண்டும், டெக்ஸ்சர்ஸ் போல்டருக்குள் நைட் என்று ஒரு போல்டர் இருக்க வேண்டும், அதற்குள் பகல் படத்தின் அதே பெயரில் இரவுப் படம் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் எரியாது.

எரிந்தும் பகல் மாதிரிப் பளிச்சென்று இருந்தால் இரவுப் படத்தில் ஜன்னலைத் தவிர மற்றவை போதிய அளவு இருட்டாக இல்லை. சுவரை நன்றாக இருட்டாக்கி, ஜன்னலுக்கு வெள்ளை போடாமல் மங்கின மஞ்சள் போடுங்கள், ஜன்னலுக்குக் கீழே சுவரில் கொஞ்சம் வெளிச்சம் வழிய விடுங்கள். எல்லா ஜன்னலையும் எரிய விடாதீர்கள். நான் ஸ்டேஷன் மாஸ்டர் அறையையும் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலையும் மட்டும் எரிய விட்டு, மெயில் திருமலைக்குள் வருகிற மாதிரி ஓட்டி அந்த ஐயாவுக்குத் திரும்பக் காட்டினேன். மேடை விளிம்பை ஒரு தரம் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தம்பி, இன்னொருக்கா சீனன்குடாவில இருந்து விடும்" என்றார்.